மருந்துக் காப்புரிமையும் தென்னாப்பிரிக்காவின் வளர்ச்சியும்

கேள்வி (டர்பன்): வணக்கம். காப்புரிமைச் சட்டத்தை இறுக்கினால்தான் அயல்நாட்டு முதலீடு வரும் என்று என் மகனுக்குக் கல்லூரியில் கற்பிக்கிறார்கள். நம் நாட்டின் அனுபவம் அதை ஆதரிக்கிறதா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி (சாட்ஸ்வர்த்): ஐயா, எச்.ஐ.வி. மருந்தின் கதையைப் பாருங்கள். மலிவான மருந்துகளை இறக்குமதி செய்ய வழிவகுத்த, நம் நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தை எதிர்த்து வழக்காடிய 39 மருந்து நிறுவனங்கள், உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின் 2001 ஏப்ரலில் வழக்கைத் திரும்பப் பெற்றன. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆன மும்மருந்துச் சிகிச்சையை, அதே ஆண்டில் இந்தியாவின் சிப்லா மருந்து நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2005 வரை இந்தியச் சட்டம் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை வழங்காததால்தான் அது இயன்றது. உயிரோடு இல்லாத தொழிலாளியை நம்பி எந்த முதலீடு வரும்?

மறுமொழி (பீனிக்ஸ்): சாட்ஸ்வர்த் அம்மா சொல்வது சரியே. ஆயினும் உரிமையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ரூயிபோஸ் என்னும் மூலிகைத் தேநீர்ச் செடி பற்றிய மரபறிவுக்காக, நம் தொல்குடிகளான கோய், சான் மக்களுக்கு அத்தேநீர்த் தொழில் பங்கு தர வேண்டும் என்று 2019-இல் உடன்பாடு ஏற்பட்டதே, அது மிகவும் நியாயமானது. என் கவலை வேறு: இங்கே காப்புரிமை விண்ணப்பங்கள் நெடுங்காலமாகப் புதுமையை ஆராயாமலே பதிவாகிவந்தன. நம் அரசின் 2018-ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துரிமைக் கொள்கை வாக்களித்த ஆய்வு முறையை முழுமையாக நடைமுறைப்படுத்துவதே முதல் வேலை.