எல்பிபிபி: பெண்களுக்கும் 150தான் எல்லையா?

தேன்மொழி: இஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் விகிதம்) 35%-க்குக் கீழ், எல்பிபிபி (இதயத்தின் இடது மின்கிளை அடைப்பு), ஈசிஜியில் கியூஆர்எஸ் (கீழறைகளில் மின் அலை பரவும் நேரம்) 140 மில்லிசெகண்டு, பெண் நோயாளி. மூன்று மாதம் முழு மருந்து கொடுத்தும் நடந்தால் மூச்சிரைக்கிறது. "150 வரட்டும்" என்று சிஆர்டியை (இரு கீழறைகளையும் ஒன்றாகத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர்) தள்ளிப்போடுவது தவறு. அமெரிக்க எஃப்டிஏ ஆய்வாளர்கள் 2014-ல் மூன்று சோதனைகளின் 4,076 பேர் தரவைச் சேர்த்தார்கள். எல்பிபிபியோடு 130–149 இருந்த பெண்களில், ஐசிடி (ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் நிறுத்தும் கருவி) மட்டும் வைத்தவர்களைவிட சிஆர்டி-டி (இரண்டும் சேர்ந்த கருவி) வைத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு அல்லது மரணம் 76% குறைவு. அதே அளவில் ஆண்களுக்குச் சொல்லும்படியான பலன் இல்லை.

ராஜகோபால்: டாக்டர், அந்த 4,076-ல் பெண்களே சுமார் 22%தான். அதற்குள்ளும் 130–149 என்றால் சின்னக் குழு. பெண்களுக்கு மாரடைப்பால் வந்த செயலிழப்பு குறைவு, அதனால் தசையில் வடுவும் குறைவு. வடுவின் மேல் இடது லீட் (பேஸ்மேக்கரின் கம்பி) உட்கார்ந்தால் த்ரெஷோல்டு (தசையைத் தூண்டத் தேவையான மின்சாரம்) ஏறும், மின் அலை தத்தித்தத்தித்தான் பரவும். வித்தியாசம் வடுவில் இருக்க, அதைப் பாலினம் என்கிறோம்.

தேன்மொழி: வடு ஒரு காரணம்தான் சார். பெண்ணின் இதய அறை சிறியது. நல்ல இதயத்திலேயே கியூஆர்எஸ் ஆண்களைவிடச் சுமார் 10 மில்லிசெகண்டு குறைவு. பெரிய அறையில் 140 என்பது வெறும் தசைத் தடிப்பாகவும் இருக்கலாம். சின்ன அறையில் 140 என்றால் கிளை உண்மையிலேயே அடைபட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஈசிஜி தாளை எடுத்துப் பாருங்கள்: 25 மிமீ வேகத்தில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்டு. 140-க்கும் 150-க்கும் நடுவில் கால் கட்டம்! அந்தக் கால் கட்டத்துக்காகவா ஒரு பெண்ணைக் காக்க வைப்பது?

ராஜகோபால்: அப்படியென்றால் எல்லை உயரத்தையும் அறையின் அளவையும் பார்த்து வரட்டும். குள்ளமான ஆணுக்கும் அதே நியாயம்தானே? இன்னொன்று: ஒல்லியான உடம்பில் லீட் நுழைக்கக் காறை எலும்புக்குக் கீழுள்ள சப்க்ளேவியன் சிரையில் குத்தும் ஊசி நுரையீரல் உறையைத் தொட்டு நியூமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுவது) வருவது பெண்களுக்கு அதிகம். பலனைச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும்.

தேன்மொழி: அதற்கு அல்ட்ராசவுண்டு பார்த்து அக்குள் பக்கத்து ஆக்சிலரி சிரையில் குத்தலாம், கையிலிருந்து வரும் செஃபாலிக் சிரையைத் திறந்தும் போகலாம். சாதனத்தையே மறுக்க அது காரணமாகாது. ஐரோப்பிய 2021 வழிகாட்டி பாலினம் பார்க்காமல் 130–149-ஐ இரண்டாம் வகுப்பில் ("பரிசீலிக்கலாம்" என்ற பரிந்துரை) வைத்தது. 2023 எச்ஆர்எஸ் (இதயத் துடிப்பு மருத்துவர் சங்கம்) வழிகாட்டியோ எல்பிபிபி உள்ள பெண்களுக்கு 120–149-ஐயே முதல் வகுப்புக்கு ("செய்ய வேண்டும்" என்ற பரிந்துரை) ஏற்றிவிட்டது.

ராஜகோபால்: 130-க்கு மேல் உங்கள் பக்கம் வருகிறேன். 120-க்கு வர மாட்டேன். 130-க்குக் கீழ் உள்ளவர்களைச் சேர்த்த எக்கோ-சிஆர்டி என்ற சோதனை 2013-ல் பாதியில் நின்றது. சிஆர்டி இயங்கிய குழுவில் மரணம் கூடியது. அவர்களில் பெரும்பாலோருக்கு எல்பிபிபி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் மெஷின் அச்சடித்த "எல்பிபிபி"யை நம்பாதீர்கள் என்கிறேன். ஈசிஜியின் 1, ஏவிஎல், வி1, வி2, வி5, வி6 ஆகிய பதிவுகளில் இரண்டிலாவது கியூஆர்எஸ் அலையின் நடுவில் வெட்டு தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். பிறகு லீட் பற்றிப் பேசலாம்.