பிள்ளை உடம்பில் கட்டி: பார்த்தவங்க சொல்லுங்க

பொண்ணுக்குத் தலை பின்னும்போதுதான் கையில தட்டுப்பட்டுச்சு. பின்கழுத்துல, முடி ஆரம்பிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, பட்டாணி அளவு. தொட்டா நழுவுது. வலிக்குதான்னு கேட்டா, இல்லைங்கறா. அதுதான் என்னைக் கலக்கிடுச்சு. வலியில்லாத கட்டிதான் ஆபத்துன்னு யாரோ சொன்ன பேச்சு மண்டைக்குள்ள ஓட ஆரம்பிச்சுது. அவ பாட்டுக்கு விளையாடப் போயிட்டா, எனக்குத்தான் தூக்கம் போச்சு.

டாக்டர் கட்டியைத் தொடவே இல்லை, முதல்ல முடியைப் பிரிச்சுப் பார்த்தார். காதுக்குப் பின்னால பேன் கடிச்சு, இவ சொறிஞ்சு சொறிஞ்சு, பொருக்குத் தட்டின புண்ணு. "இதுக்குத்தான் நெறி கட்டியிருக்கு"ன்னார், அதாவது நிணநீர் முடிச்சு வீங்கியிருக்கு. அப்புறம்தான் கட்டியை விரலால உருட்டிப் பார்த்தார். தாடைக்குக் கீழே, அக்குள், இடுப்பு மடிப்பு, வயிறு எல்லாம் தடவிப் பார்த்தவர், கழுத்தெலும்புக்கு மேல இருக்கிற குழியில மட்டும் கொஞ்ச நேரம் விரலை வச்சிருந்தார். கேட்டேன். அந்த இடத்துல வந்தா எவ்வளவு சின்னதா இருந்தாலும் சும்மா விட மாட்டோம்னார்.

மத்தபடி ஒரு செ.மீ.க்குள்ள, மெத்துன்னு, நகர்ற நெறி பிள்ளைங்க கழுத்துல சகஜமாம். சளி, தொண்டைப்புண், சொத்தைப்பல் எதுக்கும் கட்டும், கரைய வாரக்கணக்காகும். 2 செ.மீ. தாண்டிப் பெருசானா, கெட்டியாகி நகராம நின்னா, காய்ச்சல் விடாம அடிச்சா, எடை இறங்கினா, ராத்திரி துணி நனையுற அளவு வேர்த்தா உடனே கூட்டிட்டு வரச் சொன்னார். ரத்தப் பரிசோதனைகூட எழுதலை. எனக்கு அதுல அவ்வளவா திருப்தியில்லைதான். "தினம் அமுக்கிப் பார்க்காதீங்க, அமுக்க அமுக்க வீங்கித்தான் நிக்கும்"னு மட்டும் கண்டிப்பா சொன்னார்.

பேன் ஒழிஞ்சுது, புண் ஆறிச்சு, கட்டியும் சுருங்கிடுச்சு. தேடினா இன்னும் கையில கிடைக்கும். அப்படிக் கொஞ்சம் மிச்சம் நிக்கிறதும் உண்டாம்.

—

எங்க பையனுக்குப் புருவத்தோட வெளி ஓரத்துல. கைக்குழந்தையா இருக்கும்போதே லேசா மேடு, அவன் வளர வளர அதுவும் வளர்ந்துச்சு. நகராது, எலும்போட ஒட்டி உட்கார்ந்திருக்கும். மேலே சொன்ன கணக்குப்படி நான் பயந்திருக்கணும். ஆனா அது நெறியே இல்லை, டெர்மாய்டு சிஸ்ட். கருவுல முகம் சேரும்போது கொஞ்சம் தோல் உள்ளே மாட்டிக்கிட்டு ஒரு பையா ஆயிடுமாம். புருவ ஓரத்துல வர்றது பெரும்பாலும் மண்டையோட்டுக்கு வெளியிலேயே நின்னுடும். மூக்குத்தண்டு மேல, நடுக்கோட்டுல வந்தா மூளைப் பக்கம் தொடர்பு இருக்கலாம், அதனால ஸ்கேன் பார்க்காம கத்தி வைக்கவே கூடாதுன்னார் சர்ஜன்.

அடிபட்டு உள்ளே உடைஞ்சா புண்ணாகிச் சிக்கலாகும்னு எடுத்துட்டோம். வெட்டின பையைக் காட்டினாங்க: வெள்ளையா மெழுகு, அதுக்குள்ள சுருண்டு கிடந்த முடி. தழும்பு புருவ முடிக்குள்ளேயே மறைஞ்சிடுச்சு.

—

இடுப்பு மடிப்புல, அழும்போது புடைச்சு, தூங்கினா காணாமப் போற வீக்கத்தை இதோட சேர்க்காதீங்க. அது குடலிறக்கம். காத்திருந்தா சரியாகாது, ஆபரேஷன்தான். நாங்க போன நேரம் பார்த்து வீக்கமே இல்லை, போன்ல எடுத்து வச்சிருந்த படத்தைப் பார்த்துத்தான் டாக்டர் பிடிச்சார். உள்ளே போகாம இறுகி நின்னு, பிள்ளை வாந்தியும் எடுத்தா விடியட்டும்னு இருக்காதீங்க, அந்த நேரமே எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டுப் போங்க.