சோதிப்பானில பிழை 0, ஆனா படிவத்தை வாசிக்க ஏலாது: அணுகல் வழிகாட்டியைப் புதுப்பிக்க உதவி தேவை

உவர்மலையான்:

வணக்கம். திருகோணமலையில ஒரு அரச அலுவலகத்தில தகவல் தொழில்நுட்ப வேலை பாக்கிறன். எந்த அலுவலகம் எண்டு எழுதேல்லை, மன்னிக்கவும். எங்கட இணையத்தளத்துக்கும் படிவங்களுக்குமான அணுகல் வழிகாட்டி ஒண்டு நாலு பக்கத்தில இருக்கு. எப்பவோ ஆரோ அமெரிக்காவின்ர 508 ஆம் பிரிவுத் தரத்தைப் பாத்து எழுதினது. அங்கத்தை அரச அலுவலகங்களின்ர கணினி, இணையச் சேவைகளை மாற்றுத்திறனாளிகளும் பாவிக்கக்கூடியதா வைக்கவேணும் எண்டு சொல்ற தரம் அது. மொத்தம் 16 அம்சம். படத்துக்கு மாற்று உரை குடுக்கவேணும், திரை செக்கனுக்கு 2 இலிருந்து 55 தடவை வரை மினுங்கக் கூடாது, இப்பிடிப் போகுது. கைபேசி எண்ட சொல்லே அதுக்குள்ள இல்லை. இதைப் புதுப்பிச்சுத் தரச் சொல்லி என்னட்டத் தந்திருக்கினம்.

முதல்ல இப்ப இருக்கிற நிலைமையைப் பாப்பம் எண்டு தளத்தையும் படிவங்களையும் அணுகல் பிழைகளைத் தானாத் தேடுற தானியங்கிச் சோதிப்பானில போட்டன். பிழை 0 எண்டு வந்தது. ரெண்டு நாளால கிண்ணியாவில இருந்து பார்வையில்லாத ஒரு நானா போன் எடுத்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை விண்ணப்பப் பி.டி.எப். தன்ர கணினியில வாசிக்குதில்லை, ஏதோ இங்கிலிஷ் எழுத்துகளாக் கொட்டுது எண்டார். நானும் என்.வி.டி.ஏ. எண்ட திரைவாசிப்பானை, அதாவது திரையில இருக்கிறதைக் குரலில வாசிக்கிற மென்பொருளை, போட்டுக் கேட்டன். திரையில "பெயர்" எண்டு வடிவாத் தெரியிற இடத்தில எழுத்தெழுத்தா நகர்த்தினா "என், ஜி, ஏ, எச், செமி" எண்டு சொல்லுது. அந்தப் படிவம் ஆருக்கெண்டு இருக்கோ அவையாலயே அதை வாசிக்க ஏலாமக் கிடக்கு. அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்லை.

இது எதால வருது? வழிகாட்டியில இதுக்கு என்ன எழுதவேணும்? எந்தத் தரத்தின்ர எந்தப் பதிப்பை அடிப்படையா எடுக்கிறது?

அச்சுக்கூடம்_மட்கோ:

தம்பி, உங்கட படிவம் பாமினி எழுத்துருவில அடிச்சது. 20 வருசமா இந்த வேலையில இருக்கிறன், "என் ஜி ஏ எச் செமி" எண்டதும் விளங்கிட்டுது. பாமினியில என் விசை எகரக் கொம்பு, ஜி தான் ப, ஏ எண்டா ய, எச் எண்டா கால் (ா), அரைப்புள்ளி விசையில புள்ளி; காலும் புள்ளியும் சேந்தா ர் மாதிரித் தெரியும். கண்ணுக்குத் தமிழ், ஆனா பைலுக்குள்ள இருக்கிறது இங்கிலிஷ் எழுத்து. எழுத்துரு எண்ட சட்டையைக் கழட்டினா உள்ளுக்குத் தமிழே இல்லை. சிங்களப் படிவங்களில எப்.எம். அபயா போட்டிருந்தா அதுக்கும் இதே கதிதான்.

பாக்கிறது லேசு. ஒரு வரியைக் கொப்பி பண்ணி நோட்பேட்டில ஒட்டுங்கோ. தமிழ் வராட்டி அது யூனிகோட் இல்லை, அதாவது ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி இலக்கம் குடுக்கிற உலகத் தரத்தில இல்லை. தமிழுக்கு இலங்கைத் தரமே இருக்கு, எஸ்.எல்.எஸ். 1326, 2008 இல வந்தது, யூனிகோட்டோட ஒத்துப்போறது. இருந்தும் கந்தோர்களில பழைய டெம்பிளேட்டைத் திறந்து, பெயரை மாத்தி, திருப்பி சேவ் பண்ணிறதுதான் பழக்கம். அதால பாமினி இன்னும் உயிரோட இருக்கு.

ரொறன்ரோ_அக்கா:

தம்பி, நான் இங்க இந்தச் சோதனை வேலைதான் செய்யிறன். உங்கட சோதிப்பான் பொய் சொல்லேல்லை. பக்கத்தில உரை இருக்கோ எண்டு மட்டும்தான் அதுக்குப் பாக்கத் தெரியும். அந்த உரை என்ன மொழி, அதில கருத்து இருக்கோ எண்டு தெரியாது. தானியங்கிச் சோதனை வேலையின்ர தொடக்கம் மட்டும்தான். மிச்சத்தை ஆள் இருந்து கேட்டுத்தான் பிடிக்கவேணும்.

தரத்தைப் பற்றி: உங்கட 16 அம்சம் 2000 டிசம்பரில வெளியான பழைய 508 தரத்தின்ர இணையப் பகுதி. அந்தத் தரம் பொருளைப் பாத்துப் பிரிச்சது. மென்பொருளுக்கு ஒரு பட்டியல், இணையத்துக்கு ஒண்டு, தொலைபேசிக்கு ஒண்டு, இப்பிடி ஆறு. பிறகு தொலைபேசியே கணினியாப் போச்சு, எந்தப் பட்டியலைப் பாக்கிறது எண்ட குழப்பம் வந்தது. அதைத் திருத்த 2006 இல ஆலோசனைக் குழு போட்டு, வரைவுக்கு மேல வரைவு வந்து, இறுதி விதி 2017 ஜனவரி 18 இலதான் வெளியானது. ஒரு வருசம் கழிச்சு நடைமுறைக்கு வந்தது. புதுத் தரம் சொந்தமாப் பட்டியல் எழுதாம டபிள்யூ.சி.ஏ.ஜி. எண்ட உலகளாவிய இணைய அணுகல் விதித்தொகுப்பின்ர 2.0 பதிப்பில இருந்து ஏ (அடிப்படை), ஏஏ (அதுக்கு அடுத்தது) ரெண்டு மட்டத்தையும் அப்பிடியே எடுத்துக்கொண்டது. ஆனா அந்த 2.0 வந்தது 2008 இல. விதி நடைமுறைக்கு வரேக்க அதுக்கு ஒன்பது வயசு. அதே வருசமே 2.1 வந்திட்டுது, 2023 அக்டோபரில 2.2 வந்தது.

நீங்கள் புதுசா எழுதிறபடியால் 2.2 இன்ர ஏஏ மட்டத்தை எடுங்கோ. 2.0 இல இந்த ரெண்டு மட்டத்திலயும் 38 விதி, 2.2 இல 55. 2.2 ஐ நிறைவேத்தினா 2.0 உம் 2.1 உம் தானா நிறைவேறும். கைபேசியில விரலால தொடுற பொத்தானின்ர அளவு, கடவுச்சொல்லை மனப்பாடமா வச்சிருந்தாத்தான் உள்ள போகலாம் எண்டு ஆக்களை வருத்தாத விதி, ரெண்டும் ஏஏ மட்டத்தில 2.2 இலதான் இருக்கு. 508 இல இருந்து நான் எடுத்து வைக்கச் சொல்றது வேறொண்டு: தளம் மட்டும் இல்லை, அலுவலகம் வெளியில விடுற ஆவணங்களும் அதே விதிக்குள்ள வரும். படிவம், டெம்பிளேட், உதவித்தொகைக்குத் தகுதி பற்றின அறிவித்தல், அவசர அறிவித்தல் எல்லாம் பேர் சொல்லி எழுதியிருக்கு. உங்கட நாலு பக்கத்தில விடுபட்டது அதுதான்.

உவர்மலையான்:

அக்கா, அச்சுக்கூட அண்ணை, கோடி நன்றி. நோட்பேட்டில ஒட்டிப் பாத்தன், அண்ணை சொன்னது சரி. எங்கட சேர்வரில கிடக்கிற தமிழ்ப் படிவம் 61 இல 44 பாமினி. மிச்சத்தில 9 கையெழுத்தும் சீலும் வச்சு ஸ்கேன் பண்ணின வெறும் படம், அதில திரைவாசிப்பான் வாயே திறக்காது.

இவ்வளவையும் ஒரேயடியா மாத்த ஆளில்லை. இன்னொண்டு, பாமினியை யூனிகோட்டாக்கிற மாற்றியில ஒரு படிவத்தைப் போட்டன். தமிழ் வந்திட்டுது, ஆனா எங்கட மின்னஞ்சல் முகவரியும் இங்கிலிஷ் சொல்லுகளும் விளங்காத தமிழ் எழுத்தாப் போச்சு.

அச்சுக்கூடம்_மட்கோ:

முழுப் பைலையும் மாற்றியில போடக் கூடாது தம்பி. வேர்டில தேடல் பெட்டியில எழுத்துருவைப் பாமினி எண்டு குறிச்சுத் தேடுங்கோ. அந்தத் துண்டுகளை மட்டும் எடுத்து மாத்தி ஒட்டவேணும். பிறகு கொ, கோ, கை வாற சொல்லுகளை ஒருக்காக் கண்ணால பாருங்கோ. பாமினியில கொம்பை எழுத்துக்கு முன்னால அடிக்கிறது, யூனிகோட்டில பின்னால. மட்டமான மாற்றி அந்த இடத்திலதான் சறுக்கும்.

ரொறன்ரோ_அக்கா:

மாத்தின பிறகு "பிரிண்ட்" வழியாப் பி.டி.எப். எடுக்காதேங்கோ, தலைப்பு, அட்டவணைக் குறிகள் எல்லாம் போயிடும். "சேவ் அஸ்" இல போய், அணுகலுக்கான ஆவணக் கட்டமைப்புக் குறிகளைச் சேர்க்கிற தெரிவைப் போடுங்கோ. ஆவணத்தின்ர மொழி தமிழ் எண்டு குறியுங்கோ. மூண்டு மொழியும் ஒரே தாளில இருந்தா ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக் குறிக்கவேணும், இல்லாட்டி சிங்களத்தைத் தமிழ்க் குரல் வாசிக்கப் பாக்கும். அதைவிட, படிவத்தை இணையப் பக்கமாவே போட்டிட்டு, பி.டி.எப்.ஐ அச்செடுக்கிற ஆக்களுக்கு மட்டும் விடுறதுதான் என்ர விருப்பம். தமிழ்ப் பி.டி.எப். யூனிகோட்டில செய்தாலும் உள்ளுக்கு எழுத்து வரிசை குழம்பிறதை நிறையக் கண்டிருக்கிறன்.

பழைய படிவங்களுக்கு 508 இல நல்ல வழி ஒண்டு இருக்கு. புதுத் தரம் நடைமுறைக்கு வந்த நாளுக்கு முதல் இருந்த பொருள், பழைய தரத்துக்குச் சரியா இருந்து, பிறகு அதில கை வைக்காட்டி, அப்பிடியே இருக்கலாம். ஒரு சின்னத் திருத்தம் செய்தாலும் திருத்தின பகுதி புதுத் தரத்துக்கு வரவேணும். ஆனா தம்பி, பாமினிப் படிவம் பழைய தரத்துக்கே சரி வராது. அதை அந்தச் சலுகைக்குள்ள விடாதேங்கோ. உதவித்தொகை, பிறப்புச் சான்றிதழ், முறைப்பாடு எண்டு சனம் கூடக் கேக்கிறதை முதல்ல எடுங்கோ.

கிண்ணியா_நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். போன் எடுத்தது நான்தான். தம்பி இந்த இணைப்பை அனுப்பினார், எல்லாத்தையும் கேட்டு முடிச்சன்.

படிவத்த வேற ஆளப் புடிச்சி நிரப்பலாம் எண்டு கந்தோரில சொல்றாங்க. நிரப்பலாந்தான். ஆனா அந்தப் படிவத்தில என்ட வருமானம், என்ட வருத்தம், பொஞ்சாதிட விபரம் எல்லாம் இருக்கி. ஒவ்வொரு தரமும் அத இன்னொருத்தருக்கு வாசிச்சிக் காட்டச் சொல்லி நிக்கிறது எனக்குப் புடிக்கல்ல. மாற்றுத்திறனாளிகள்ட உரிமையப் பாதுகாக்க 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கி, 2016 ல நம்மட நாடு மாற்றுத்திறனாளிகள்ட உரிமை பத்தின ஐ.நா. சமவாயத்தையும் ஏற்றுக்கிச்சி. அதில 9 ஆம் உறுப்புரை தகவலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் அணுகல் வேணும் எண்டு சொல்லுது.

வழிகாட்டியில ஒரு வரி சேருங்க தம்பி: வெளியில விட முன்னம், திரைவாசிப்பான் பாவிக்கிற ஒரு ஆள் அத முழுசா நிரப்பிப் பாக்கணும். நான் வாறன். கூலி வேணாம், பஸ் காசு தந்தாப் போதும்.

ரொறன்ரோ_அக்கா:

நானா, கூலியை வேண்டாம் எண்டாதேங்கோ. இது தொழில். தம்பி, பரிசோதகருக்கான கொடுப்பனவையும் வழிகாட்டியில எழுதுங்கோ, இல்லாட்டிக் கணக்குப் பகுதி மறிக்கும்.

உவர்மலையான்:

ரெண்டையும் எழுதியிட்டன். வரைவின்ர முதலாம் பந்தி இப்ப இது: "தமிழ், சிங்கள உரை யாவும் யூனிகோட்டில் இருத்தல் வேண்டும். பாமினி முதலான பழைய எழுத்துருவில் உள்ள ஆவணம் ஏனைய எந்த விதிக்கும் பரிசோதிக்கப்படாமலே திருப்பி அனுப்பப்படும்." அதுக்குப் பிறகுதான் 2.2, ஏஏ எண்டு வருது. மேலதிகாரி வாசிச்சிட்டு மாத்தாம விட்டிருக்கிறார்.

உதவித்தொகைப் படிவத்தை இணையப் பக்கமாச் செய்து நானாவுக்கு அனுப்பியிருக்கிறன்.

கிண்ணியா_நானா:

கிடைச்சிச்சி தம்பி. "பெயர்" எண்டு சொல்லிச்சி, நான் என்ட பெயர அடிச்சன். முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் சரி. பொறந்த திகதியில மூணு பெட்டி வருது, மூணுக்கும் "எடிட்" எண்டு மட்டுந்தான் சொல்லுது. எது நாள், எது மாதம் எண்டு தெரியல்ல. ஒரு எடத்தில நேரம் முடிஞ்சி வெளிய தள்ளிட்டு, அடிச்சதெல்லாம் போயிட்டு. ரெண்டாந் தரம் முழுக்க அடிச்சன்.

உவர்மலையான்:

மூண்டு பெட்டிக்கும் பெயர் குடுக்காம விட்டது என்ர பிழை நானா. நேரம் 10 நிமிசமா இருந்தது. முடிய முன்னம் கேட்டு, நீங்கள் விரும்பினா நீடிக்கிற மாதிரி மாத்திறன். நாளைக்குப் பின்னேரத்துக்குள்ள திருப்பி அனுப்புவன், அதே இடத்தில இருந்து ஒருக்காப் பாருங்கோ.