எட்டுக் கதிர் ஜென்னி மாதிரி: கயிறு வழுக்குகிறது, யோசனை தேவை

வணக்கம். எட்டாம் வகுப்புத் தொழிற்புரட்சிப் பாடத்துக்கு ஹார்கிரீவ்ஸின் ஸ்பின்னிங் ஜென்னியை (ஒரே நேரத்தில் பல இழை நூற்கும் இயந்திரம்) அட்டையில் செய்கிறோம்: 30 செ.மீ. சக்கரம், சைக்கிள் கம்பியில் எட்டுக் கதிர்கள் (சுழன்று இழையை முறுக்கும் ஊசிகள்). ஒரே கயிறு எட்டையும் சுற்றுவதால் கடைசி இரண்டு கதிர்கள் வழுக்கி நின்றுவிடுகின்றன. முறுக்கு ஏறாததால் இழை அறுகிறது. கயிற்றை இறுக்கினால் அட்டை வளைகிறது. நடுவில் ஓர் உருளை வைத்து, அதிலிருந்து கதிருக்கு ஒரு தனிக் கயிறு கொடுத்தால் வழுக்குவது நிற்குமா? கயிற்றுக்கு மெழுகு போதுமா, குங்கிலியம் வேண்டுமா?

கையால் சுழற்றி நூற்கும் தக்ளியில் ஓர் இழை, இதில் எட்டு என்பது கையில் பட்டால்தான், 1768-இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஹார்கிரீவ்ஸின் இயந்திரங்களை ஏன் உடைத்தார்கள் என்று பிள்ளைகளுக்குப் பிடிபடும். (படம் மட்டும் காட்டினால், உடைத்தவர்கள் முட்டாள்கள் என்றே எழுதுவார்கள்.) 40 நிமிடத்துக்குள் முடியவேண்டும். நீள இழைப் பஞ்சுப் பட்டை எங்கே சில்லறையாகக் கிடைக்கும்?