மே மாதம் ராமேஸ்வரம்: குளிக்க எந்தக் கரை, சாப்பிட எந்த மீன்?

கேள்வி: மே கடைசியில் குடும்பத்தோடு நாலு நாள். தனுஷ்கோடியில் குழந்தைகளைக் கடலில் இறக்கலாமா? மீன்பிடித் தடைக்காலத்தில் நல்ல மீன் கிடைக்குமா?

பதில் 1: தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் இறக்கவே வேண்டாம். அங்கே வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரார் முன்னதைப் பெண்கடல், பின்னதை ஆண்கடல் என்பார்கள். மே மாதம் தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் தென்பக்கம் கொந்தளிக்கும், இழுவையும் உண்டு. குளிக்க அரியமான் போங்க. வடபக்கக் கரை, ஆழம் மெதுவாகத்தான் கூடும்.

பதில் 2: தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு போகும், வரத்து குறைவு, விலை கூட. அதனால் ஐஸில் கிடந்த பழைய மீனும் புதுசு என்று தட்டில் வரும். சமைக்கும் முன்னே முழு மீனாகக் காட்டச் சொல்லுங்க. செவுள் சிவப்பாக, கண் புடைத்து இருக்கணும். குழிந்த கண், பழுப்புச் செவுள் என்றால் எழுந்துவிடலாம், சங்கடமே வேண்டாம்.

பதில் 3: நண்டு வாங்கினால் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்க. அமுங்கினால் அண்மையில் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே தண்ணிதான். ஒரே அளவில் இரண்டு இருந்தால் கனமானதை எடுங்க. கணவாய் வறுவல் ரப்பர் மாதிரி வந்தால் குற்றம் அடுப்பில்: பெருந்தீயில் 2, 3 நிமிடம் போதும். அதைத் தாண்டிவிட்டால் அரை மணி வேகவிட்டுத்தான் மீட்கணும், அப்புறம் அது தொக்குக்கு ஆகும்.

கேள்வி கேட்டவர்: நன்றி. அரியமானில் நிழல் உண்டா?

பதில் 1: சவுக்குத்தோப்பு இருக்கு. காலையிலேயே போயிடுங்க.