ரீல் ஓடுது, பாட்டு ஓடல

கோவை, மூணு பேர் குழு, தமிழில் சொந்தப் பாடல்கள். 14 மாதத்தில் 5 சிங்கிள். கடைசிப் பாட்டோட ரீல் 42,000 பார்வை. ஸ்பாட்டிஃபையில் 310 ஸ்ட்ரீம்தான். 12 மாதத்துக்குள் 1,000 தொடலைன்னா அந்தப் பாட்டுக்கு அங்கே ராயல்டியும் கிடையாது.

செஞ்சு பார்த்தது: ரிலீஸுக்கு 3 வாரம் முன்பே ஏற்றி, ஸ்பாட்டிஃபையோட பிளேலிஸ்ட் எடிட்டர்களுக்கு பிட்ச் பண்ணியாச்சு (7 நாளாவது முன்னாடி பண்ணினாதான் ஃபாலோயர்களோட 'ரிலீஸ் ரேடார்'ங்கிற புதுப் பாட்டுப் பட்டியலில் நாம சொன்ன பாட்டு வரும்). 30 நொடிக்குள் தள்ளிவிட்டா ஸ்ட்ரீமே கணக்கில் வராது, அதனால 22 நொடி முன்னிசையை 6 ஆக்கினோம். ரூ.3,000க்கு ரீல் விளம்பரம்: லைக் வந்துச்சு, ஆள் வரல. காசுக்கு பிளேலிஸ்ட் விற்கிறவங்க பக்கம் போகல. போலி ஸ்ட்ரீம்னு பாட்டையே தூக்கிடுவாங்க.

ரீலில் வெச்சது பல்லவி இல்ல, நடுவில் வர்ற கித்தார் துண்டு. சந்தேகம் அதுமேலயும் இருக்கு.

உருப்படியா நடந்தது ஒண்ணுதான்: போன மாசக் கச்சேரியில் க்யூஆர் அட்டை வெச்சோம், வந்த 120 பேரில் 35 பேர் வாட்ஸ்அப் சேனலில் சேர்ந்தாங்க.

அடுத்த சிங்கிளுக்குக் கையில் ரூ.8,000. பல்லவியை வெச்சு மறுபடி விளம்பரமா, இல்ல கோவை, திருப்பூர் பக்கம் சின்னக் கச்சேரிகளா, எதில் போடலாம்?