‘எய்ட் ஸ்டேஷன்’: உதவி நிலையமா, பந்தலா, சத்திரமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நெடுந்தொலைவு ஓட்டச் சொற்பட்டியலில் ‘அல்ட்ரா’ பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது. 42.195 கி.மீ.க்கு மேல் போனால் ‘மீமாரத்தான்’ என்று முடித்துவிட்டோம்; ‘மீ’ சேர்த்த மீயொலி, மீக்கடத்தி போன்ற சொற்கள் ஏற்கெனவே இருக்கும்போது அதில் வம்பில்லை. இப்போது சிக்கல், வழியில் ஓடுகிறவருக்குத் தண்ணீரும் தீனியும் தரும் ‘எய்ட் ஸ்டேஷன்’. வரைவில் ‘உதவி நிலையம்’ என்று இருக்கிறது. காவல் நிலையத்துக்குத் தம்பி மாதிரி ஒலிக்கிறது, எனக்கு ஒப்பவில்லை. மாற்றுச் சொல் தருகிறவர்கள், அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அகராதியை மட்டும் புரட்டிவிட்டு வரவேண்டாம்.

— இராமநாதபுரம்

*

அண்ணே, வணக்கம்.

சாலை மாரத்தானில் ஏறக்குறைய 5 கி.மீ.க்கு ஒரு முறை தண்ணீர் வைக்கச் சொல்கிறது உலகத் தடகள விதி. ஓடுகிறவர் நிற்காமலே எடுத்துக்கொண்டு போவார். அது வெறும் தண்ணீர் மேசை. மீமாரத்தானில் நிற்கத்தான் வேண்டும். குப்பியை நிரப்பணும், தின்னணும், ஷூவிலிருந்து மணலைக் கொட்டணும், வந்த நேரத்தைப் பதியணும். அடைப்பு நேரம் (அங்கே வந்துசேர வைத்த கெடு) தாண்டியிருந்தால் அங்கேயே ஓட்டம் முடிந்தது.

நம் கடற்கரைக்குக் கணக்கு இப்படி. ஓடுகிறவர் அரை லிட்டர் மென்குப்பி இரண்டு சுமக்கிறார். தளர்ந்த மணலில் கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம் என்றால் 6 கி.மீ.க்கு ஒரு மணி நேரம். இந்த வெயிலில் அதற்குள் 700, 800 மி.லி. போய்விடும். ஆகவே 6 கி.மீ.க்கு மேல் இடைவெளி விடக்கூடாது. மலையில் 10, 12 கி.மீ. விடுகிறார்களே என்று இங்கே விட்டால் ஆள் சுருண்டுவிடுவார். 100 பேருக்கு, குடிக்க ஆளுக்கு ஒரு லிட்டர், தலையில் ஊற்ற அரை லிட்டர்: 150 லிட்டர். 20 லிட்டர் கேன் எட்டு. தலையில் ஊற்றும் கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள், கடைசியில் வருகிறவருக்குக் கேன் காலி.

ஐஸ் பற்றி ஒரு வார்த்தை. மீன் ஏலக்கூடத்து ஐஸ் பக்கத்திலேயே கிடைக்கும். அதைத் துண்டில் சுற்றிக் கழுத்தில் போடலாம், குப்பிக்குள் போடாதீர்கள்.

பெயர் எனக்குத் தோன்றவில்லை. ‘நிலையம்’ வேண்டாம் என்பதில் உங்கள் கட்சி.

— மண்டபம்

*

இதற்கு நம்மிடம் பெயர் ஏற்கெனவே இருக்கிறது: தண்ணீர்ப்பந்தல். சித்திரை பிறந்தால் பேருந்து நிலையத்தில், பள்ளிவாசல் முன்னே, கட்சி ஆபீஸ் வாசலில் எல்லாம் போடுகிறோமே, அதேதான். வழியே போகிறவருக்கு, யார் எவர் என்று கேட்காமல், காசில்லாமல். ஓட்டக்காரருக்கும் அதே.

கூரை இல்லாத இடத்தைப் பந்தல் என்பதா என்று யாராவது கேட்பார்கள். மரத்தடியில் பானை வைத்தாலும் ஊர் தண்ணீர்ப்பந்தல் என்றுதான் சொல்கிறது. ஆனால் நம் கரையில் கூரை கட்டாயம் வேண்டும், நிழல் வேறு கிடையாது. கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசும் மாதங்களில் தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் அது படகுப் பாயாகிவிடும், கம்போடு தூக்கிக்கொண்டு போகும். கீற்றோ பனையோலையோ போட்டால் காற்று ஊடே போய்விடும். கம்புக்கு இரண்டடிக் குழி மட்டும் போதாது. கயிற்று நுனியில் மணல் மூட்டையைக் கட்டி, மூட்டையையே ஒரு முழம் ஆழத்தில் புதைக்க வேண்டும். முளைக்குச்சி மணலில் நிற்காது. பந்தலின் முதுகு தென்மேற்கைப் பார்க்கட்டும். காகிதக் குவளை வைக்காதீர்கள், அடுத்த நிமிடம் கடலில் மிதக்கும்; ஆளுக்கு ஒரு குவளை அவரவர் கொண்டுவர வேண்டும்.

தொண்டருக்குப் ‘பந்தல்காரர்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். கல்யாணத்துக்கு வாடகை பேச ஆள் வருவார்.

— கீழக்கரை

*

கீழக்கரைக் காக்கா, அதாவது அண்ணன், சொன்னது அழகான சொல். ஆனால் அதில் ‘தண்ணீர்’ இருப்பது ஆபத்து, சொல்கிறேன்.

பெயர் தண்ணீர்ப்பந்தல் என்றால் நிற்கிற தொண்டர் ‘குடிங்க, குடிங்க’ என்று ஊற்றிக்கொண்டே இருப்பார். ஆறேழு மணி நேரம் வெறும் தண்ணீரையே குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், விரல் வீங்கி மோதிரம் இறுகுதல், பிறகு பிதற்றல். பார்க்க நீரிழப்பு மாதிரியே இருக்கும். அதனால் இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், அதுதான் ஆளைக் கொல்வது. விரல் வீங்கிய ஆளுக்கு வெறும் தண்ணீர் கூடாது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

ஆகவே இரண்டு கேனில் ஒன்று உப்புத் தண்ணீர். லிட்டருக்கு ஒன்றரை கிராம், கேனுக்கு 30 கிராம். லிட்டரில் 600 மி.கி. சோடியம் கிடைக்கும். எது எந்தக் கேன் என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தீனியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து இலக்கு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம். உப்பிட்டு அவித்த உருளைக்கிழங்கு நல்லது. கடலைமிட்டாய் எல்லாரும் வைக்கிறார்கள். உலர்ந்த வாயில் ஒட்டிக்கொண்டு இறங்காது.

இன்னொன்று. 100 கி.மீ. ஓட்டத்தில் எல்லா இடமும் ஒன்றல்ல. தண்ணீரும் பழமும் மட்டும் இருக்கும் இடம் ஒன்று. சூடான சாப்பாடு, மருத்துவர், படுக்கை, முன்கூட்டியே கொடுத்தனுப்பிய பை எல்லாம் இருக்கும் இடம் வேறு. இரண்டாவதற்குச் சத்திரம் என்பதே சொல். இராமேசுவரம் போன யாத்திரிகருக்கு இந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகள் வழிநெடுகக் கட்டிவைத்தவை அவைதானே. முகுந்தராயர் சத்திரம், தங்கச்சிமடம், அக்காள்மடம் என்று ஊர்ப்பெயர்களே வரிசையாக நிற்கின்றன. ‘டிராப் பேக்’ எனும் அந்தப் பைக்குச் ‘சுமைதாங்கிப் பை’. சுமைதாங்கி என்பது இரண்டு நட்ட கல், மேலே ஒரு கிடைக்கல்; தலைச்சுமைக்காரர் யார் கையும் வேண்டாமல் இறக்கி வைத்துப் பிறகு ஏற்றிக்கொள்ள அமைத்தது. அந்த வேலையைத்தான் இந்தப் பையும் செய்கிறது.

— உச்சிப்புளி

*

உச்சிப்புளி அண்ணனுக்கு: ‘தண்ணீர்’ போகட்டும், சம்மதம். ஆனால் சத்திரம் வேலைக்கு ஆகாது. காரணம் இலக்கணம் அல்ல, வரைபடம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை சுமார் ஒன்பதரை கி.மீ.; அதை ஒட்டி மணலில் போய்த் திரும்பும் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய தனுஷ்கோடி இடிபாடுகளுக்குப் பக்கத்தில் ஒரு பந்தல் போட்டால் போகையில் 5-ஆம் கி.மீ., திரும்புகையில் 14-ஆம் கி.மீ., ஒரே பந்தல் இரண்டு முறை உதவும். இதில் ‘சத்திரம் 1’ என்று குறித்தால், பை தேடுகிறவர் எந்தச் சத்திரத்துக்குப் போவார்? மடம் என்றாலும் இதே கதை. வானொலிக் கருவியில் ‘மடத்துக்கு ஆம்புலன்ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், வண்டி தங்கச்சிமடம் போய் நிற்கும்.

பெரியதற்குத் ‘தங்குபந்தல்’ போதும்.

தங்குபந்தலில் நடக்கும் தவறு ஒன்றையும் விளக்கத்தில் சேர்க்கலாம். காலில் மணல் அப்பியிருக்கிறது என்று வாளியில் காலை விடச் சொல்கிறார்கள். ஈரத் தோலில் காலுறை மாட்டினால் அரை மணியில் கொப்புளம். உலர்ந்த துண்டால் விரலிடுக்கு வரை மணலைத் துடைத்து, வாசலின் களிம்பு தடவி, புதுக் காலுறை. உட்கார முக்காலி வேண்டாம், நாற்காலி வேண்டும்; 60 கி.மீ. ஓடியவர் தாழ உட்கார்ந்தால் எழ இரண்டு பேர் தூக்கணும்.

— மண்டபம்

*

சரி, பதிவு இப்படிப் போகிறது:

பந்தல்: மீமாரத்தான் வழியில் தண்ணீர், உப்புத் தண்ணீர், தீனி தரும் இடம். வரிசை எண்ணோடு வரும் (பந்தல் 3).
தங்குபந்தல்: மேற்கண்டவற்றோடு சாப்பாடு, மருத்துவர், சுமைதாங்கிப் பை உள்ள இடம்.
பந்தலாள்: அங்கே நிற்கும் தொண்டர்.

அடைப்பு நேரத்துக்கு ஒருவர் தனிமடலில் ‘நடை சாத்தும் நேரம்’ என்று அனுப்பியிருக்கிறார். சிரித்தேன், ஆனால் தள்ளிவிட மனமில்லை. ‘பந்தல் 4 சாத்தியாச்சு’ என்று தொண்டர் சொன்னால் புரியாதவர் இந்த மாவட்டத்தில் உண்டா? ‘சாத்து நேரம்’ என்று சுருக்கலாமா? பழந்தமிழில் சாத்து என்றால் வணிகர் கூட்டம் என்று கீழக்கரையிலிருந்து மறுப்பு வரும், தெரியும். வரட்டும்.

— இராமநாதபுரம்